நான் பேசறது கேட்குதா?

இந்த வாரத் தபாலில் பாதிக்குமேல் ஒரே புலம்பல்: வீட்டிலிருந்து வேலை. ஆகவே அரசியல், சினிமா, ஜோசியக் கேள்விகள் அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கப்படுகின்றன. தலைவர்களும் நடிகைகளும் ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கட்டும்.

‘மியூட்’ மன்னன், பெருங்குடி: வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை என்ற யோசனையை முதலில் கிளப்பிய புண்ணியவான் யார்?

ஜாக் நில்லஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர். விண்வெளி, ராக்கெட் என்று இருந்தவர். லாஸ் ஏஞ்சலீஸின் போக்குவரத்து நெரிசலைப் பார்த்து, ஆளை வேலையிடம் அனுப்புவானேன், வேலையை ஆளிடம் அனுப்பலாமே என்று 1973-ல் கணக்குப் போட்டார். அதே வருஷம் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை இறுக்க, யோசனைக்கு ஏக வரவேற்பு. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போனார்கள்.

வாசகி, முக்கூடல்: அதற்கு முன்னால் யாருமே வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கவில்லையா?

முக்கூடலிலிருந்தா இந்தக் கேள்வி! எழுந்து உங்கள் தெருத் திண்ணையை எட்டிப் பாருங்கள், அம்மா. மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும். பீடி சுற்றும் அக்காக்கள் எந்தக் கண்ணாடிக் கட்டிடத்துக்குப் போனார்கள்? வீட்டில் உட்கார்ந்து சுற்றினாலும் தொழிலாளி தொழிலாளிதான் என்று 1966-லேயே பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் எழுதிவைத்துவிட்டது. காஞ்சிபுரத்து நெசவாளிக்குத் தறிக்குழி கூடத்திலேயே இருக்கிறது.

இவர்களிடம் யாரும் ‘பணியிடப் பண்பாடு’ பற்றி சர்வே எடுத்ததில்லை. ஏஜென்ட் பீடிக் கட்டைப் பிரிப்பார், பிடிக்காததைக் கழித்து எறிவார். அப்ரைசல் முடிந்தது.

1996-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்கென்றே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. பேனா தேடிக்கொண்டிருக்கிறோம்.

‘டீம் லீட்’, அம்பத்தூர்: வீட்டிலிருந்து வேலை செய்வதால் ஆபீஸ் கல்ச்சரே கெட்டுவிட்டது என்கிறார் எங்கள் மேனேஜர். கல்ச்சர் என்று எதைச் சொல்கிறார்?

ஆறரை மணிக்கு உங்கள் வேலை முடிந்துவிடும். அவர் எழுந்திருக்கும்வரை எட்டு மணிக்கும் எக்செல்லை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தீர்களே, அதைத்தான்.

ரசிகன், சேலம்: மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. இது நாகரிகமா?

தாராளமாக. எழுந்திருக்காதவரை.

நடுநிலையாளன், கோவை: வீட்டில் இருந்தால் வேலை நடக்காது என்கிறார் முதலாளி. நன்றாகவே நடக்கிறது என்கிறார்கள் ஊழியர்கள். எது உண்மை?

இரண்டு பேருக்கும் பிடிக்காத ஒன்று.

ஷாங்காயில் சிட்ரிப் என்று ஒரு டிராவல் கம்பெனி. ஆபீஸ் வாடகை எகிறியது. கால் சென்டர் ஆட்களில் இஷ்டப்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பிப் பார்ப்போம் என்று 2010-ல் இறங்கினார்கள். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கலஸ் புளூமும் கூட்டாளிகளும் கணக்கெடுத்தார்கள். பிறந்த தேதி இரட்டைப்படையா, வீட்டுக்குப் போ. ஒற்றைப்படையா, ஆபீஸிலேயே இரு. (நம் ஊரில் என்றால் ராகுகாலமும் பார்த்திருப்பார்கள்.)

ஒன்பது மாதம் ஓடியது. வீட்டுக் கோஷ்டி 13 சதவீதம் கூடுதலாக வேலை பார்த்திருந்தது. வேலையை விட்டு ஓடுகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். கம்பெனிக்குத் தலைக்கு வருஷம் சுமார் 2,000 டாலர் மிச்சம். இதைப் படித்ததும் முதலாளி முகம் சுருங்குமல்லவா? இருங்கள், ஊழியர் முறை வருகிறது. அதே அளவு வேலை பார்த்தும், வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. சோதனை முடிந்து அவரவர் இஷ்டம் என்று விட்டபோது, வீட்டுக் கோஷ்டியில் பாதிப் பேர் ஆபீஸே தேவலை என்று திரும்பிவிட்டார்கள்.

மேனேஜர்மேல் பாசமா என்று கேட்காதீர்கள். தனிமை.

அவரே: அப்படியானால் வாரம் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் ஆபீஸ் என்று வைத்துக்கொண்டால்?

அதே கம்பெனியில் அதையும் பார்த்துவிட்டார்கள். 1,612 பேர். முடிவு 2024-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. வேலை குறையவில்லை, பதவி உயர்வும் குறையவில்லை, விலகிப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். சோதனைக்கு முன் இது உருப்படாது என்று நினைத்த மேனேஜர்கள், முடிந்ததும் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். ஆய்விலேயே நம்ப முடியாத தகவல் இந்தக் கடைசி வரிதான்.

ஒரு மாமியார், மயிலாப்பூர்: மருமகள் நாள் பூரா மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறாள். எதற்குக் கூப்பிட்டாலும் ‘கால்ல இருக்கேன்’ என்கிறாள். நிஜமாகவே வேலைதானா?

மாமி, அவள் ஆபீஸ் போயிருந்தால் தேங்காய் துருவுவதற்கு இந்நேரம் போன் போட்டு வரச் சொல்லியிருப்பீர்களா? பக்கத்து அறையில் உங்கள் பிள்ளையும் ‘கால்’ல்தான் இருப்பான். அவனை ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தீர்களா?

மேனேஜர் (பெயர் வேண்டாம்), தரமணி: ஆள் கண்ணில் படாவிட்டால், வேலை பார்க்கிறானா என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

ஆள் கண்ணில் பட்டபோது எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? நாற்காலியில் உடம்பு இருந்தது, அவ்வளவுதானே.

உங்களைப் போன்றவர்களுக்காகவே கீபோர்டு தட்டலை எண்ணும் மென்பொருள் வந்தது. அதை ஏமாற்ற மவுஸைத் தானாகவே ஆட்டிக்கொண்டிருக்கும் கருவி வந்தது. 2024-ல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டில் வேலை நடப்பதாகப் போக்குக்காட்டிய ஒரு டஜனுக்கு மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பியது.

முக்கூடல் ஏஜென்டைப் பாருங்கள். அவர் கட்டை எண்ணுவார். விரல் எத்தனை முறை அசைந்தது என்று எண்ண மாட்டார்.

பிரெஷர், திருச்சி: கேம்பஸில் தேர்வாகி, சேர்ந்த நாள் முதல் வீட்டிலிருந்தேதான் வேலை. டீமில் யாரையும் நேரில் பார்த்ததில்லை. இது எனக்கு நஷ்டமா?

நஷ்டம்தான், தம்பி. சம்பளச் சீட்டில் தெரியாது.

புதுசாகச் சேர்ந்தவன் தொழில் படிப்பது டிரெய்னிங் ஹாலில் இல்லை. பொய்யும் சொல்லாமல் உண்மையையும் சொல்லாமல் கிளையன்டை வெள்ளிக்கிழமைவரை தள்ளிப்போடும் பக்கத்து சீட்டு அண்ணனின் வித்தையைக் காதால் கேட்டுப் படிக்கிறான். சர்வர் படுத்த ராத்திரி கத்துகிறவர் யார், கத்தாமல் சரிசெய்கிறவர் யார் என்று பார்த்துப் படிக்கிறான். இதற்கெல்லாம் மீட்டிங் இன்வைட் வராது.

அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர்கள் மூன்று பேர் ஒரு பெரிய கம்பெனியின் மென்பொருள் ஆட்களை ஆராய்ந்தார்கள். ஒரே கட்டிடத்தில் பக்கம் பக்கமாக உட்கார்ந்த டீம்களில் இளசுகளின் கோடுக்கு நிறையத் திருத்தமும் யோசனையும் கிடைத்தன. தள்ளித் தள்ளி உட்கார்ந்த டீம்களில் குறைவு. கொரோனாவில் எல்லோரும் வீட்டுக்குப் போனதும் அந்த வித்தியாசம் காணாமல் போனது. இன்னொன்றும் தெரிந்தது: பக்கத்தில் இருந்தபோது, சொல்லிக்கொடுத்த சீனியர்களின் சொந்த வேலை குறைந்திருந்தது.

ஆக, வீட்டில் நிம்மதியாக வேலை ஓடுகிறது என்று உன் சீனியர் சொன்னால் நம்பு. அந்த நிம்மதிக்குக் காரணம், பக்கத்தில் நீ இல்லாதது.

கணக்குப் பிள்ளை, ஈரோடு: ஒரே கட்டிடத்தில் உட்காரவைத்தால் மட்டும் எல்லோரும் பேசிக்கொள்வார்களா?

மாட்டார்கள். எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970-களிலேயே அளந்து சொன்னார்: இருக்கைகள் தள்ளிப்போகப் போகப் பேச்சு விழுகிறது, 50 மீட்டரைத் தாண்டினால் ஏறக்குறைய அற்றுப்போகிறது. ஒன்பதாம் மாடிக்காரனுக்கு மூன்றாம் மாடி வெளிநாடுதான். நடுவில் இருந்த ஒரே தூதரகம் கேன்டீன்.

ஆராய்ச்சி மாணவி, வேலூர்: முழுக்க முழுக்க வீடு என்று ஆனால் கம்பெனிக்குள் என்ன மாறுகிறது?

தெரிந்தவர்களோடு இன்னும் நெருங்குகிறோம், தெரியாதவர்களை அடியோடு மறக்கிறோம். மைக்ரோசாஃப்ட் தன் அமெரிக்க ஊழியர்கள் 61,182 பேரின் 2020 முதல் பாதித் தொடர்புகளை ஆராய்ந்தது. ஒவ்வொரு குழுவும் தன் வட்டத்துக்குள் சுருங்கிக்கொண்டது, குழுக்களுக்கு நடுவே இருந்த பாலங்கள் குறைந்தன. நேரில் பேசுவது போய் மெயிலும் மெசேஜும் பெருகின. இந்த உண்மையைக் கண்டுபிடித்தது, எல்லோரையும் வீட்டிலிருந்தே மீட்டிங்கில் உட்காரவைக்கும் ‘டீம்ஸ்’ மென்பொருளை விற்கிற கம்பெனி. நேர்மைக்கு ஒரு சபாஷ்.

மருமகள், மயிலாப்பூர்: என் மாமியார் உங்களுக்கு என்னைப் பற்றி எழுதியிருப்பதாகச் சந்தேகம். அவர் என்ன எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். எனக்கு மூச்சுவிட நேரமில்லை.

‘கால்’ல் இருந்தபடியே கடிதமா? மாமி சொன்னதில் விஷயம் இருக்கும் போலிருக்கிறதே!

கண் எரிச்சல்காரர், மதுரை: நேரில் நாலு மணி நேரம் அரட்டை அடித்தாலும் அலுப்பில்லை. வீடியோவில் ஒரு மணி நேரத்தில் தலை கிறுகிறுக்கிறது. ஏன்?

ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் நாலு காரணம் சொன்னார். முகங்கள் அளவுக்கு மீறிக் கிட்டத்தில் வந்து முறைக்கின்றன. உடம்பை நகர்த்த முடியாமல் ஒரே சட்டத்துக்குள் இருக்க வேண்டியிருக்கிறது. தலையாட்டுவதைக்கூட மெனக்கெட்டு ஆட்ட வேண்டும். நான்காவதாக, நாள் முழுக்க நம் முகத்தையே நாம் பார்க்க வேண்டியிருக்கிறது. மற்ற மூன்றையும் சகித்துக்கொள்ளலாம்.

பாட்டுப் பிரியை, தஞ்சாவூர்: வீட்டிலிருந்து வேலை பெண்களுக்கு வரமா, சாபமா?

தாழ்ப்பாள் உள்ள அறை இருந்தால் வரம். அடுப்படிக்கு எதிரே மேஜை என்றால், இரண்டு ஷிஃப்ட் ஒரே நேரத்தில்.

2017 மார்ச்சில் பி.பி.சி. பேட்டி ஒன்று உலகம் முழுக்க ஓடியது, ஞாபகமிருக்கிறதா? தென்கொரியாவின் பூசானில் ஒரு பேராசிரியர் வீட்டிலிருந்து அரசியல் பேசிக்கொண்டிருக்க, மகள் ஆடிக்கொண்டே உள்ளே வந்தாள், குழந்தை நடைவண்டியில் வந்தது, பின்னாலேயே ஒரு பெண் சறுக்கிக்கொண்டு வந்து இருவரையும் இழுத்துப் போனார். அவரைப் பலர் ஆயா என்று முடிவுகட்டினார்கள். மனைவி. பேராசிரியர் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

நியாயவாதி, நாகர்கோவில்: வீட்டிலிருந்து வேலையை முதலில் ஒழித்த பெரிய இடம் எது?

சத்தம் போட்டு ஒழித்தது யாஹூ, 2013-ல். தலைமைச் செயல் அதிகாரி மரிஸ்ஸா மேயர். எல்லோரும் ஆபீஸுக்கு வாருங்கள் என்றார். தன் கைக்குழந்தைக்கு மட்டும் தன் அலுவலக அறைக்குப் பக்கத்திலேயே சொந்தச் செலவில் தொட்டில் அறை கட்டிக்கொண்டார். ஆபீஸை வீட்டுக்குக் கொண்டுபோனால் தப்பு, வீட்டை ஆபீஸுக்குக் கொண்டுவந்தால் சரி. நாலு வருஷத்தில் யாஹூவை வெரைசன் வாங்கிப்போட்டது. அத்தனை பேரும் ஆபீஸில்தான் இருந்தார்கள்.

பழைய மாணவன், பாளையங்கோட்டை: கொரோனா காலத்தில் இனி எல்லோரும் வீட்டிலிருந்தே என்று கம்பெனிகள் சத்தியம் செய்தனவே?

2020-ல் டி.சி.எஸ். சொன்னது: 2025-க்குள் 25 சதவீதம் பேர் ஆபீஸ் வந்தால் போதும். 2023-ல் சொன்னது: எல்லோரும், எல்லா நாளும். 2024-ல் ஆபீஸ் வருகையைச் சம்பளத்தின் ஏறி இறங்கும் பகுதியோடு முடிச்சுப் போட்டது. சத்தியம் செய்தபோது நோய் பயம். மீறியபோது பயம் போய்விட்டது. தேர்தல் வாக்குறுதி பார்த்துப் பழகிய நமக்கு இதில் என்ன அதிர்ச்சி?

‘லிங்க் வரலை’, தூத்துக்குடி: ஜூம் கம்பெனி ஊழியர்களாவது வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்களா?

பக்கத்தில் குடியிருப்பவர்கள் வாரம் இரண்டு நாளாவது ஆபீஸுக்கு வர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ஆணை. பக்கம் என்றால் 80 கிலோமீட்டர்.

செங்கல்பட்டு வாசி: இந்த முதலாளிகள் ஏன் ஆபீஸ் ஆபீஸ் என்று உயிரை விடுகிறார்கள்?

கட்டிட வாடகை ஒரு காரணம். சிறுசேரி மாதிரி சிறப்புப் பொருளாதார மண்டலம் என்றால் இன்னொன்று: சலுகை அந்த வேலிக்குள் நடக்கும் வேலைக்குத்தான். வீட்டுக்கு அனுப்பவே விதி தேவைப்பட்டது. 2022 ஜூலையில், பாதி ஊழியர்கள்வரை, ஒரு வருஷத்துக்கு என்று அனுமதித்தார்கள். மூன்றாவது காரணம், வீட்டில் முதலாளிக்கு வணக்கம் சொல்ல யாருமில்லை.

ஆங்கிலப் படம் பார்ப்பவர், ஊட்டி: வெள்ளைக்காரன் இந்த விஷயத்தில் நாகரிகமாகத்தானே நடந்துகொள்வான்?

மிகவும். 2022-ல் பிரிட்டிஷ் அமைச்சர் ஜேக்கப் ரீஸ்-மாக் அரசு அலுவலகங்களைச் சுற்றிவந்து, காலி மேஜைகளில் அச்சடித்த சீட்டு வைத்துவிட்டுப் போனார். வந்தேன், உங்களைக் காணவில்லை, சீக்கிரம் அலுவலகத்தில் பார்க்க ஆவல் என்ற பொருளில் பணிவான வாசகம். என்ன, சீட்டைப் படிக்க அங்கே ஆளில்லை.

ஸ்டாம்ப் பேட், விழுப்புரம்: ஜப்பானில் எல்லாமே கம்ப்யூட்டர். அங்கே பிரச்சினை இருந்திருக்காதே?

‘ஹான்கோ’ என்று கையெழுத்துக்குப் பதில் முத்திரைக் கட்டை வைத்திருப்பார்கள். 2020-ல் வீட்டிலேயே இருங்கள் என்று அரசு கெஞ்சியது. ஃபைலில் முத்திரை குத்துவதற்காக மட்டும் ஆட்கள் ரயிலேறி ஆபீஸ் போனார்கள். பிறகு அமைச்சர் தாரோ கோனோ அரசுக் காகிதங்களிலிருந்து அதை ஒழிக்கக் கிளம்பினார். இந்தச் செய்தியை நம் ஊர் ரப்பர் ஸ்டாம்ப் காதில் போட்டுவிடாதீர்கள்.

ஷேர் ஆட்டோ ஓட்டுநர், துரைப்பாக்கம்: எல்லாரும் வீட்டுல இருந்து வேலைன்னு பேசறாங்க. எங்க ஸ்டாண்டுல யாரும் பேசலையே, சார்?

பணியிடப் பண்பாடு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் எண்ணாமல் விட்டது உங்களைத்தான், அண்ணே.

ஆபீஸ் என்றால் அட்டை தொங்கவிட்டவர்கள் மட்டுமா? வாசலில் செக்யூரிட்டி. காலை ஆறு மணிக்கே வந்து கழிப்பறை கழுவும் ஹவுஸ்கீப்பிங் அக்கா. கேப் டிரைவர். பி.ஜி. நடத்தும் அம்மா. ராத்திரி பத்து மணி ஷிஃப்ட் விடும் நேரத்துக்குச் சரியாகக் கல்லைக் காயவைக்கும் தள்ளுவண்டிக்காரர். 2020-ல் லேப்டாப்போடு ஊர் போய்ச் சேர்ந்தவனுக்கு மாசம் பிறந்தால் சம்பளம் ஊரிலும் வந்தது. அவன் போன பிறகு பழைய மகாபலிபுரம் சாலையில் டீக்கடை பாய்லர் ஆறிக் கிடந்தது. அங்கே வேலை பார்த்த பையனும் ஊருக்குத்தான் போனான், சம்பளம் இல்லாமல்.

ஆபீஸுக்கு வா என்று கம்பெனி கூப்பிடுவது உங்கள் நன்மைக்காக இல்லை. ஆனாலும் அந்தச் சண்டையில் முதலாளி பக்கம் உங்களை நிறுத்திவிட்டது பாருங்கள், அதுதான் வேடிக்கை.

சொந்த ஊர்க்காரன், தென்காசி: ஆளை வீட்டுக்கு அனுப்புவதைவிட ஆபீஸையே ஊருக்குக் கொண்டுவந்தால்?

உங்கள் ஊரிலேயே வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறீர்களே! ஜோஹோ 2011-லேயே தென்காசிப் பக்கம் கடை திறந்தது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு பிறகு பக்கத்து மத்தளம்பாறைக்கே குடிவந்துவிட்டார். அம்மா சமையலும் உண்டு, பக்கத்து சீட்டு அண்ணனும் உண்டு. அந்த அண்ணன் மாமா பையனாகவும் இருந்துவிட்டால், லீவு போட்டுவிட்டுக் குற்றாலம் போனதை மறைக்க முடியாது.

இரண்டு கம்பெனிக்காரன், ஊர் சொல்ல மாட்டேன்: ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்ப்பது தப்பா?

விப்ரோ 2022-ல் போட்டிக் கம்பெனிகளிலும் வேலை பார்த்ததாக 300 பேரை நீக்கியது. இது பச்சை ஏமாற்று என்றார் அதன் தலைவர் ரிஷத் பிரேம்ஜி. அதே வருஷம் ஸ்விகி, அனுமதி வாங்கிக்கொண்டு வெளி வேலையும் பாருங்கள் என்றது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மீறினால் தப்புதான், தம்பி. ஒரே ஆள் நாலு கம்பெனி போர்டில் இயக்குநராக உட்கார்ந்தால் மட்டும் அது அனுபவம். நீயும் சீக்கிரம் இயக்குநர் ஆகிவிடு.

இல்லத்தரசி, கும்பகோணம்: ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் மனைவி முகத்தையே பார்ப்பீர்கள் என்று ஒரு பெரிய கம்பெனித் தலைவர் கேட்டாரே?

எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன். வாரம் 90 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும் என்ற பேச்சில் கேட்டது. 2025 ஜனவரியில் வெளியே வந்தது. கேள்வியைத் தப்பான ஆளிடம் கேட்டுவிட்டார். புருஷன் முகத்தை எவ்வளவு நேரம் பார்ப்பது என்று உங்களைக் கேட்டிருந்தால், ஞாயிறென்ன, தீபாவளிக்கும் ஆபீஸைத் திறந்துவைக்கச் சொல்லியிருப்பீர்கள்.

ஆந்தை, வேளச்சேரி: ராத்திரி பதினோரு மணிக்கு ‘க்விக் கால்’ என்கிறார் மேனேஜர். தடுக்கச் சட்டமே இல்லையா?

உண்டு. பிரான்ஸில் 2017 முதல். போர்ச்சுகலில் 2022 முதல், நேரம் கெட்ட நேரத்தில் கூப்பிட்டால் கம்பெனிக்கே அபராதம். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலிருந்து, எடுக்காமல் விடுவது உரிமை. இங்கே எம்.பி. சுப்ரியா சுலே 2018-ல் மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நம் நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதா ஒன்று கடைசியாகத் தேறியது 1970-ல். எனவே வேளச்சேரி நிலவரப்படி உங்களுக்குள்ள ஒரே பாதுகாப்பு, சார்ஜ் தீர்ந்த போன்.

மீட்டர் ரீடிங், கரூர்: ஏ.சி., இன்டர்நெட், யு.பி.எஸ். எல்லாம் என் செலவு. ஆபீஸுக்குக் கரண்ட் மிச்சம். நியாயமா?

போர்ச்சுகல் சட்டத்தில் இதற்கும் வழி உண்டு: கூடுதல் கரண்டுக்கும் இன்டர்நெட்டுக்கும் முதலாளி கைகொடுக்க வேண்டும். நம் ஊரில் ‘பஸ் சார்ஜ் மிச்சமாகிறதே’ என்பார்கள். பெட்ரோல் செலவை இதுவரை அவர்கள் கொடுத்ததைப் போல.

பக்தை, ஸ்ரீரங்கம்: ஆயுத பூஜைக்குக் கம்பெனி லேப்டாப்புக்கு வீட்டிலேயே பொட்டு வைக்கலாமா?

வைக்கலாம், கீபோர்டில் குங்குமம் சிந்தாமல். ஆபீஸில் பூஜை என்றால் பொரி, கடலை, சுண்டல், லட்டு கம்பெனிக் கணக்கு. இப்போது சர்வருக்கு ஆசீர்வாதம் அவர்களுக்கு, சுண்டல் செலவு உங்களுக்கு.

மழைக்காலத் தவளை, முடிச்சூர்: மழை பெய்தால் அரசே ஐ.டி. ஆட்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்கிறது. நல்லதுதானே?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் சொன்னது, 2024 அக்டோபர் மழைக்கும் சொன்னது. உயிர் பிழைக்க நல்லதுதான். ஆனால் ஒரு காலத்தில் முழங்கால் தண்ணீர் என்றால் லீவு. இப்போது முழங்கால் தண்ணீரில் கட்டில்மேல் உட்கார்ந்து, கரண்ட் போகும்வரை வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காவது கலெக்டர் இருக்கிறார். உங்கள் மழை லீவையும் ஜுர லீவையும் லேப்டாப் தின்றுவிட்டது. படுத்துக்கொண்டே மெயில் பார்க்கலாமே என்கிறார்கள்.

பெண்ணைப் பெற்றவர், காரைக்குடி: மாப்பிள்ளை முழுநேரமும் வீட்டிலிருந்து வேலை. பெண் கொடுக்கலாமா?

மூன்று வேளையும் வீட்டில் இருப்பார், நாலு மணிக்குக் காபியும் கேட்பார். பெண்ணைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள். பெண்ணுக்கும் அதே மாதிரி வேலை என்றால் ஜாதகத்தை அப்புறம் பாருங்கள், வீட்டில் எத்தனை அறை என்று முதலில் கேளுங்கள்.

கவிஞர், புதுச்சேரி: ஆபீஸ் காதல் அழிந்துவிட்டதா?

லிஃப்ட் இல்லை, கேப் இல்லை, கேன்டீன் இல்லை. கேமராவை அணைத்து வைத்திருக்கும் வட்டத்துக்குள் இரண்டு இங்கிலீஷ் எழுத்து. அதைக் காதலிக்க உங்களால்தான் முடியும்.

அட்டை தேய்ப்பவன், நாவலூர்: மூன்று நாள் ஆபீஸ் வரச் சொல்கிறார்கள். வந்தால் பக்கத்து சீட்டுக்காரனோடும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு டீம்ஸில்தான் பேசுகிறேன். எதற்கு வந்தேன்?

சோழிங்கநல்லூர் சிக்னலைப் பார்க்க. வந்து, அட்டையைத் தேய்த்து, ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடும் வித்தை அமெரிக்காவில் இப்போது ஏகப் பிரசித்தம். நாற்காலி முதுகில் துண்டைப் போட்டுவிட்டுப் போகும் நம் அரசு அலுவலக முறை அதைவிடப் பழசு. காபியும் வெளியில்தான், இன்னொருவர் செலவில்.

டீம் முழுக்க ஒரே நாளில் வரும்படி ஏற்பாடு செய்யாத மேனேஜர், உங்களை வரச் சொல்வதில் அர்த்தமே இல்லை. அந்தத் திருச்சிப் பையனும் வரும் நாளாகப் பார்த்து வாருங்கள்.

எழுத்தர், சிவகாசி: ஆபீஸே இல்லாமல் ஒரு கம்பெனி நடக்குமா?

கிட்லேப் நடக்கிறது. தலைமை அலுவலகக் கட்டிடம் கிடையாது, 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆட்கள், 2021-ல் அமெரிக்கப் பங்குச் சந்தைக்கும் வந்தது. ரகசியம் ஒன்றுதான்: எல்லாவற்றையும் எழுதிவைக்கிறார்கள். யார் எதற்குப் பொறுப்பு, முடிவு ஏன் எடுத்தோம், லீவு எப்படிப் போடுவது, அத்தனையும். கையேட்டை ஊரே படிக்கலாம். நம் கம்பெனிகளில் ‘அன்னைக்கே வாயால சொன்னேனே’ என்பதுதான் கையேடு. அதற்குத்தான் அந்த வாய் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.

விடைபெற்றவள், ஓசூர்: ஆறு வருஷம் உழைத்த வேலையை விட்டேன். கூரியர்காரர் வந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போனார். அவ்வளவுதானா?

அவராவது நேரில் வந்தாரே. முன்பெல்லாம் கேக், வாழ்த்து அட்டையில் இருபது கையெழுத்து, ‘கட்டாயம் டச்ல இருப்போம்’ என்று ஒரு கூட்டுப் பொய். அந்தப் பொய்யைக் கண்ணைப் பார்த்துச் சொல்ல ஆளிருந்தது, அம்மணி. இப்போது ஐந்தே முக்கால் மணிக்கு லாக்-இன் வேலை செய்யாது, அதுதான் பிரிவுபசாரம்.

ஓய்வு பெறப்போகிறவர், குரோம்பேட்டை: வாழ்நாள் முழுக்க மின்சார ரயிலில் ஆபீஸ் போய்வந்தேன். அடுத்த மாதம் ரிடையர்மென்ட். இனி வீட்டிலிருந்து என்ன வேலை பார்ப்பது?

பால், ரேஷன், கரண்ட் பில், பேரனின் பள்ளிக்கூட வேன், மாவு மெஷின். வேலைக்குப் பஞ்சமில்லை. மேனேஜர்தான் மாறுகிறார். இவரிடம் ‘நெட் போயிடுச்சு’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது.